இருப்பதா, போர்ட்டலா, டிராஃப்டா, கோர்ட்டா? கல்லூரி ஃபுட்பால் வீட்டுக்கு ஒரு ஜனவரிக் கணக்கு

2026-இல் பொங்கல் ஜனவரி 15-இல் வந்தது. அமெரிக்காவில் வருமான வரிக் கணக்குப் போட்டுக்கொடுத்துப் பிழைக்கிற எனக்கு அந்தத் தேதிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. சொந்தமாகச் சம்பாதிக்கிறவர்கள் போன வருடத்துக்கான நான்காம் தவணை வரியைக் கட்டக் கடைசி நாள் அது. அடுப்பில் ஒரு கண்ணும் கணினியில் ஒரு கண்ணுமாக இருந்தபோது ஹூஸ்டன் நண்பர் கூப்பிட்டார்.

“அண்ணா, பொங்கல் வாழ்த்துகள். பையன் போர்ட்டல்ல பேர் போடுறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். நாளைக்கு மூடிடுவாங்களாம். நீங்க கொஞ்சம் பேசுங்களேன்.”

போர்ட்டல் என்பது வேறு கல்லூரி அணிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல். பையன் ஒரு நடுத்தரக் கல்லூரியின் ஃபுட்பால் அணியில் கிக்கர், அதாவது பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவன். ஃபுட்பால் என்றால் இங்கே ஹெல்மெட் போட்டுக்கொண்டு நீள்வட்டப் பந்தோடு மோதிக்கொள்கிற அமெரிக்க ஆட்டம். அதில் அதிகம் அடிபடாத இடம் கிக்கர்தான் என்று அவன் அம்மா பள்ளி நாட்களில் சம்மதித்தார். இப்போது அவனுக்குக் கல்லூரிச் செலவு இலவசம், மேலே வருடத்துக்கு 15,000 டாலர். வேறொரு பெரிய கல்லூரியின் துணைக் கோச் போனில் 60,000 என்று சொல்லியிருக்கிறார். எழுத்தில் இல்லை, போனில்.

அதற்குப் பிறகும் இதே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. சில வீட்டில் பையன் உண்மையிலேயே ஆடுகிறான். பல வீட்டில் பிள்ளை படிக்கிற கல்லூரியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற ஆள்) ஏன் ஓடிப்போனான் என்ற வயிற்றெரிச்சல் மட்டும்தான். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வழி நான்கு: இருக்கிற கல்லூரியிலேயே இருப்பது; போர்ட்டல் வழியாக மாறுவது; டிராஃப்டுக்குப் போவது, அதாவது தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வு; ஆடும் தகுதி முடிந்தவன் இன்னொரு வருடம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போவது.

## பணம் வந்த கதை, சுருக்கமாக

2021 வரை கல்லூரி வீரர் தன் பெயரை வைத்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. அந்த வருடம் ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் பெயர், உருவம் ஆகியவற்றை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. அதுதான் என்.ஐ.எல். பிறகு 2025 ஜூன் 6-இல், வீரர்கள் போட்ட ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். பழைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. 2025 ஜூலை முதல் கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு, ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குப் போகிறது. வெளியாரிடம் 600 டாலரும் அதற்கு மேலும் வாங்கும் ஒப்பந்தத்தை ‘என்.ஐ.எல். கோ’ என்ற சரிபார்ப்பு அமைப்பிடம் காட்ட வேண்டும்.

2026 ஜனவரியில் அடிப்படை விதி மட்டும் பழையதாகவே இருந்தது: ஐந்து வருடக் கடிகாரத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம். ஒரு வருடத்தில் நான்கு ஆட்டத்துக்கு மேல் ஆடாவிட்டால் அது கணக்கில் வராது. அதை ரெட்ஷர்ட் என்பார்கள். 2020 கொரோனா சீசனை யாருக்கும் கணக்கில் சேர்க்கவில்லை. காயம், கொரோனா எல்லாம் சேர்ந்து கேம் மெக்கார்மிக் என்பவர் 2024-இல் மயாமியில் தன் ஒன்பதாவது கல்லூரி வருடத்தை ஆடினார். டாக்டருக்குப் படித்திருந்தால் முடித்திருப்பார்.

## எதை வைத்து எடை போடுவது

எழுதிய பணமா, சொன்ன பணமா. 2024 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் யு.என்.எல்.வி. அணி மூன்றுக்கு மூன்று ஜெயித்திருந்தபோது குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா பாதியில் விலகினார். துணைக் கோச் ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்ன 1 லட்சம் டாலர் வரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி ஒரு பேச்சே முறையாக நடக்கவில்லை என்றது கல்லூரித் தரப்பு. காகிதம் இல்லாததால் ஊரே அதைப் பேசித் தீர்த்தது. காகிதம் இருந்தாலும் அதில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று பார்க்க வேண்டும். ஜேடன் ரஷாடா 2024-இல் போட்ட வழக்கில் சொல்லப்பட்ட தொகை 1 கோடியே 38 லட்சம் டாலருக்கு மேல். ஃப்ளோரிடா கல்லூரிக்கு வருவதற்காக ரசிகர்கள் பணம் சேர்த்து நடத்தும் குழுமம் எழுதித் தந்த ஒப்பந்தம் அது என்றும், அது காப்பாற்றப்படவில்லை என்றும் அவர் குற்றம்சாட்டினார்.

கைக்கு வருவது எவ்வளவு. என் தொழில் இது என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பணம் பெரும்பாலும் 1099 படிவத்தில் வரும். அதாவது பையன் ஊழியன் இல்லை, தனித் தொழில் செய்கிறவன். யாரும் வரி பிடித்துக்கொண்டு தர மாட்டார்கள். சுயதொழில் வரி மட்டுமே 15.3 சதவீதம். 60,000 டாலருக்கு அது சுமார் 8,500. வருமான வரியும் சேர்ந்தால் மொத்தம் 12,000, 13,000 போய்விடும். டெக்சாஸ், ஃப்ளோரிடா, டென்னசியில் சம்பாத்தியத்துக்கு மாநில வரி இல்லை. கலிஃபோர்னியாவில் பெரிய தொகைக்கு அது 13.3 சதவீதம் வரை ஏறும். என்னிடம் வந்த ஒரு இரண்டாம் வருடப் பையன் முதல் காசோலை வந்த வாரமே கறுப்பு நிற பிக்கப் வண்டி எடுத்திருந்தான். ஏப்ரலில் அந்த வண்டியின் சாவியை என் மேஜை மேல் வைத்துச் சுற்றிக்கொண்டே, “இதைச் செலவுன்னு காட்ட முடியாதா?” என்றான். அவன் அம்மா சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

இன்னும் இரண்டு விஷயம். பையனின் வருமானம் கல்லூரி நிதியுதவிக் கணக்கில் சேரும். தன் செலவில் பாதிக்கு மேல் அவனே பார்த்துக்கொண்டால் பெற்றோர் அவனைச் சார்ந்தவனாகக் காட்ட முடியாது. எஃப்-1 விசாவில் வந்த மாணவர் என்றால் கதையே வேறு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஆடும் பன்ட்டர்கள் (பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுப்பவர்கள்) நிறையப் பேர் இந்தச் சிக்கலில்தான் இருக்கிறார்கள். வேலை செய்து பெறுகிற பணமாகக் கருதப்பட்டால் விசாவுக்கே ஆபத்து. குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு டாலரும் வாங்க வேண்டாம்.

களத்தில் எத்தனை ஸ்னாப், அதாவது எத்தனை முறை ஆட இறக்குகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவனை அடுத்த வருடம் யாரும் விலைக்குக் கேட்பதில்லை. ஒரே இடத்துக்கு யார் முதலில், யார் இரண்டாவது என்று காட்டும் பட்டியலை டெப்த் சார்ட் என்பார்கள். உங்கள் பையனின் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எத்தனை வருடம் மிச்சம் என்று அதில் பாருங்கள்.

கோச் இருப்பாரா. எல்லாரும் கடைசியில் யோசிக்கிற விஷயம் இது. என்னைக் கேட்டால் முதலில் யோசிக்க வேண்டியது.

2025 சீசனைப் பாருங்கள். பென் ஸ்டேட் அணி சீசன் தொடங்கும் முன் நாட்டிலேயே 2-ஆம் இடம். அக்டோபர் 12-இல் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கினார்கள். அவருக்குத் தர வேண்டிய பைஅவுட் (ஒப்பந்தம் முடியும் முன் பிரிவதற்கான தொகை) சுமார் 4.9 கோடி டாலர் என்று பேச்சு. அவர் சீக்கிரமே வர்ஜீனியா டெக்கில் வேலை பிடித்ததால் 90 லட்சத்தில் முடிந்தது. இரண்டு வாரம் கழித்து லூசியானாவின் எல்.எஸ்.யு. கல்லூரி பிரையன் கெல்லியை நீக்கியது; அங்கே சுமார் 5.4 கோடி. இதற்கெல்லாம் பெரியண்ணன் 2023-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியது, 7.5 கோடிக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு சம்பளம் வேறெந்தத் தொழிலிலும் நான் பார்த்ததில்லை. அப்புறம் நவம்பர் 30-இல் லேன் கிஃபின் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியை பிளேஆஃப் வாசலில் விட்டுவிட்டு, வருடம் சுமார் 1.3 கோடி டாலருக்கு அதே எல்.எஸ்.யு.வுக்குப் போனார்.

கோச் போனால் கோச்சுக்கு நஷ்டம் இல்லை. அவரை நம்பி வந்தவனுக்கு? புதிய கோச் வந்த ஐந்தாம் நாளிலிருந்து 15 நாள் அந்த அணி வீரர்களுக்கு மட்டும் போர்ட்டல் திறக்கும். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்குள் மற்ற கல்லூரிகள் பட்ஜெட்டைச் செலவழித்து முடித்திருந்தால் அந்தக் கதவால் என்ன பயன்?

கோச் வதந்தியை எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள். “எனக்கு இங்கே சந்தோஷம்” என்று கோச் மைக் முன்னால் சொல்வதை விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் பைஅவுட் தொகை எந்தத் தேதியில் குறைகிறது என்று பாருங்கள். அரசுக் கல்லூரி என்றால் ஒப்பந்தம் பெரும்பாலும் பொது ஆவணம். நகர்வுகள் அந்தத் தேதியைச் சுற்றித்தான் நடக்கும்.

படிப்பு. மூன்றாம் வருடம் தொடங்கும்போது பட்டத்தில் 40 சதவீதம், நான்காம் வருடத்துக்கு 60, ஐந்தாம் வருடத்துக்கு 80 முடித்திருக்க வேண்டும். கல்லூரி மாறும்போது புதிய இடம் சில பாடங்களை ஏற்காமல் போனால் இந்தக் கணக்கு உதைக்கும்.

## ஒன்று: இருக்கிற இடத்திலேயே இருப்பது

இதற்கு நல்ல உதாரணம் ஒஹாயோ ஸ்டேட். 2023 சீசனுக்குப் பிறகு டிராஃப்டுக்குப் போயிருக்கக்கூடிய எமேக்கா எக்புக்கா, ஜாக் சாயர், டிரெவியன் ஹெண்டர்சன் போன்ற பலர் இன்னொரு வருடம் இருப்பது என்று சேர்ந்து முடிவெடுத்தார்கள். 2025 ஜனவரி 20-இல் நோட்டர் டேமை 34-23 என்று வென்று சாம்பியன் ஆனார்கள். எக்புக்கா அந்த ஏப்ரலில் முதல் சுற்றிலேயே 19-ஆவது ஆளாகப் போனார்.

அதே முடிவின் மறுபக்கம் பென் ஸ்டேட் குவார்ட்டர்பேக் டிரூ ஆலர். அவரும் டிராஃப்டுக்குப் போகாமல் 2025-க்கு இருந்தார். சாம்பியன் ஆகிவிடலாம் என்ற கனவு. ஆரகனிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி. அதுவரை ஒரு ஆட்டமும் ஜெயிக்காத, கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ.விடம் தோல்வி. அக்டோபர் 11-இல் நார்த்வெஸ்டர்னிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. அந்த ஆட்டத்திலேயே கணுக்காலில் அடிபட்டு சீசன் முடிந்தது. மறுநாள் கோச்சும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு இதையெல்லாம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

மறைந்திருக்கும் செலவு காயம் மட்டுமில்லை. இருக்கிறவனுக்குச் சம்பளம் ஏறுவதில்லை. புதிதாக வருகிறவனுக்குத்தான் ஏறுகிறது. நம்ம ஊர் ஐ.டி. கம்பெனிக் கதைதான். அதனால் இருப்பது என்று முடிவானால், இருப்பதற்கான தொகையையும் ஜனவரியிலேயே பேசி எழுதி வாங்க வேண்டும்.

யாருக்கு இது சரி: முதல் ஆளாக ஆடிக்கொண்டிருப்பவனுக்கு, பட்டம் முடிய ஒரு வருடமே இருப்பவனுக்கு, கோச்சின் ஒப்பந்தம் உறுதியாக இருக்கும் இடத்தில் இருப்பவனுக்கு.

## இரண்டு: போர்ட்டல்

போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. 2024 முதல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம். ஆனால் ஜன்னல் சின்னதாகிவிட்டது. வசந்த கால ஜன்னலை எடுத்துவிட்டு, 2026-இல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே ஒரு முறைதான் திறந்தார்கள்.

போர்ட்டல் ஜெயித்த கதைக்கு வேறெங்கும் போக வேண்டாம். 2026 ஜனவரி 19 இறுதி ஆட்டத்தில் இரண்டு பக்கக் குவார்ட்டர்பேக்கும் மாறி வந்தவர்கள். கலிஃபோர்னியா கல்லூரியிலிருந்து இந்தியானாவுக்கு வந்த ஃபெர்னாண்டோ மெண்டோசா வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் வாங்கி, 27-21 என்று கோப்பையும் வாங்கினார். தோற்ற மயாமியின் கார்சன் பெக், ஜார்ஜியாவிலிருந்து வந்தவர்.

போர்ட்டல் உதைத்த கதைக்குக் குவார்ட்டர்பேக் நீக்கோ இயாமலியாவா. 2025 ஏப்ரலில் டென்னசியில் முதல் ஆளாக இருந்துகொண்டு, சம்பளப் பேச்சு இழுபறியில் ஒரு நாள் பயிற்சிக்கு வரவில்லை. மறுநாளே கோச் கதவைச் சாத்தினார். போய்ச் சேர்ந்த இடம் யு.சி.எல்.ஏ.; டென்னசியில் கேட்ட தொகை அங்கே கிடைக்கவில்லை என்றே செய்திகள் சொன்னன. தொகை அதேதான் என்று வைத்துக்கொண்டாலும், மாநில வரி இல்லாத ஊரிலிருந்து நாட்டிலேயே அதிக வரி வாங்கும் ஊருக்குப் போனவருக்கு அது சம்பளக் குறைப்பு. மூன்று ஆட்டம் முடிந்ததுமே அவரை அழைத்து வந்த கோச் டிஷான் ஃபாஸ்டரை நீக்கிவிட்டார்கள். சீசன் 3-9 என்று முடிந்தது. பென் ஸ்டேட்டை வீழ்த்திய அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் மிச்சம். அவர் வந்ததால் யு.சி.எல்.ஏ.வில் இடம் போன ஜோயி அகிலார் நேராக டென்னசிக்குப் போய் அவர் விட்ட இடத்திலேயே ஆடினார். அகிலாரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கோர்ட்டில் மறுபடி வருவார்.

மறைந்திருக்கும் செலவுகள்: பெயர் போட்டால் அந்தப் பருவம் முடிந்ததும் பழைய கல்லூரி உதவித்தொகையை நிறுத்தலாம். புதிய இடம் கிடைக்காமல் போகிறவர்களைப் பற்றித் தொலைக்காட்சியில் யாரும் பேசுவதில்லை. என்.எஃப்.எல்.லில் ஏஜென்ட் கமிஷனுக்கு 3 சதவீத வரம்பு இருக்கிறது. கல்லூரிப் பையனின் ஏஜென்டுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. இப்போது கல்லூரிகள் தரும் ஒப்பந்தம் வீரனையும் கட்டிப்போடுகிறது. 2026 ஜனவரியிலேயே வாஷிங்டன் கல்லூரியின் டிமாண்ட் வில்லியம்ஸ் ஒப்பந்தம் போட்ட சில நாளில் கிளம்புகிறேன் என்றார். கல்லூரி ஒப்பந்தத்தைக் காட்டியதும் திரும்பி வந்தார். டேரியன் மென்சா மேல் டியூக் கல்லூரி வழக்கே போட்டது. பிறகு சமரசம் ஆகி மயாமிக்குப் போனார். கோச்சுக்கு மட்டும் இருந்த பைஅவுட் இப்போது பையனுக்கும் வந்துவிட்டது. ஒரு வித்தியாசம், கோச்சுக்கு அது வரவு.

யாருக்கு இது சரி: தன் இடத்தில் தன்னைவிட இளையவன் முதல் ஆளாகிவிட்டவனுக்கு, சின்னக் கல்லூரியில் நன்றாக ஆடி நிரூபித்தவனுக்கு, கோச் போய்விட்ட அணியில் இருப்பவனுக்கு.

## மூன்று: டிராஃப்ட்

பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தால்தான் போக முடியும். ஏழு சுற்று, 2025-இல் மொத்தம் 257 பேர். என்.எஃப்.எல். ஆலோசனைக் குழுவிடம் கேட்டால் மூன்று பதில்தான் வரும்: முதல் சுற்று, இரண்டாம் சுற்று, அல்லது கல்லூரியிலேயே இரு. இந்த மூன்றாவது பதிலை வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை.

குவார்ட்டர்பேக் கேம் வார்டு 2024 ஜனவரியில் டிராஃப்டுக்குப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு, மனம் மாறி மயாமியில் ஒரு வருடம் ஆடினார். 2025-இல் முதல் ஆளாக அவரை என்.எஃப்.எல். அணியான டென்னசி டைட்டன்ஸ் எடுத்தது. ஒப்பந்தம் நான்கு வருடத்துக்குச் சுமார் 4.88 கோடி டாலர். அதே டிராஃப்டில் டெக்சாஸின் குவின் யூவர்ஸ் ஏழாம் சுற்றில் 231-ஆவது ஆளாகப் போனார். நான்கு வருடத்துக்குச் சுமார் 43 லட்சம், அதில் உறுதியான தொகை கொஞ்சம்தான். இன்னொரு வருடம் வேறு கல்லூரியில் ஆடியிருந்தால் ஒரே சீசனில் அதைவிட அதிகம் கிடைத்திருக்கும் என்று செய்திகள் சொன்னன. ஆனாலும் அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். டிசம்பரில், அவரை எடுத்த டால்பின்ஸ் அணி அவரை முதல் ஆளாக இறக்கியது. அவர் வாங்கப் போனது பணத்தை இல்லை, அந்த வாய்ப்பை.

நடுத்தர வீரனுக்கு வேறு கணக்கு. 2025-இல் புதியவனின் குறைந்தபட்சச் சம்பளம் 8.4 லட்சம் டாலர், அணியில் இடம் பிடித்தால். பயிற்சி அணியில் மட்டும் வைத்தால் வாரம் 13,000. எந்தச் செவ்வாய்க்கிழமையும் அனுப்பிவிடலாம்.

யாருக்கு இது சரி: முதல் இரண்டு சுற்று என்று பதில் வந்தவனுக்கு. ஓடி ஓடி உடம்பு தேய்ந்துபோகிற ரன்னிங் பேக்குக்கு மட்டும் மூன்றாம் சுற்றிலும் போ என்பேன். கல்லூரியில் வாங்கும் ஒவ்வொரு அடியும் அவன் மூலதனத்திலிருந்து கழிகிறது.

## நான்கு: கோர்ட்

தகுதி முடிந்துவிட்டது என்று என்.சி.ஏ.ஏ. சொன்னால் முன்பெல்லாம் மூட்டை கட்டுவார்கள். அதை மாற்றியவர் டியேகோ பாவியா. நியூ மெக்சிகோவில் ஒரு ஜூனியர் கல்லூரியில் (இரண்டு வருடக் கல்லூரி) தொடங்கி, நியூ மெக்சிகோ ஸ்டேட் வழியாக, நாஷ்வில்லில் இருக்கும் வேண்டர்பில்ட்டுக்கு வந்தவர். 2024 அக்டோபரில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தினார். ரசிகர்கள் கோல்போஸ்டைப் பிடுங்கி நாஷ்வில் தெருக்கள் வழியாகத் தூக்கிக்கொண்டு போய் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டார்கள். ஜூனியர் கல்லூரி வருடங்களை என் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை, அதனால் என் சம்பாத்தியம் போகிறது என்று அவர் வழக்குப் போட்டார். டிசம்பரில் நாஷ்வில் நீதிபதி அந்த விதிக்குத் தடையாணை கொடுத்தார். அதைப் பார்த்து, அதே நிலையில் இருந்த ஜூனியர் கல்லூரிக்காரர்கள் எல்லாருக்கும் என்.சி.ஏ.ஏ. ஒரு வருடம் விலக்குக் கொடுத்தது. கிடைத்த அந்த வருடத்தில் பாவியா வேண்டர்பில்ட் வரலாற்றிலேயே முதல் பத்து வெற்றி சீசனைக் கொடுத்து, ஹைஸ்மன் வாக்கில் இரண்டாவதாக வந்தார்.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் வக்கீல் தேடக் கூடாது. விஸ்கான்சின் வீரர் நைசியர் ஃபோர்குரியன் 2025 பிப்ரவரியில் இதே மாதிரித் தடையாணை வாங்கினார். ஜூலையில், சீசனுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2026 பிப்ரவரியில் ஓல் மிஸ்ஸின் டிரினிடாட் சாம்ப்லிஸுக்கு மிசிசிப்பி மாநில நீதிமன்றம் இன்னொரு வருடம் கொடுத்தது. அதே மாதம் நம் அகிலாருக்கு டென்னசியில் இல்லை என்றார்கள். கைராசி டாக்டர் மாதிரி கைராசி நீதிமன்றம் தேட வேண்டியிருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு காத்திருப்புதான். தீர்ப்பு வரும்வரை கல்லூரி உங்களுக்காகப் பணத்தை ஒதுக்கி வைத்திருக்குமா என்று கேளுங்கள். அப்புறம் என்.சி.ஏ.ஏ. விதியில் ஒரு கொக்கி: தடையாணையில் ஆடவைத்து, பின்னால் அது ரத்தானால், ஜெயித்த ஆட்டங்களையே கல்லூரியிடமிருந்து பிடுங்கலாம். பாவியாவின் நீதிபதி அந்த விதிக்கும் சேர்த்துத் தடை போட்டார். உங்கள் வக்கீல் அதைக் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

யாருக்கு இது சரி: இன்னொரு வருடத்துக்கு எழுத்தில் விலை வந்துவிட்டவனுக்கு, காயத்தால் சீசன் இழந்ததற்கு மருத்துவச் சீட்டு கையில் இருப்பவனுக்கு. டிராஃப்டில் மேல் சுற்று கிடைக்கிறவன் இதில் நேரம் போக்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| | இருப்பது | போர்ட்டல் | டிராஃப்ட் | கோர்ட் |
|---|---|---|---|---|
| பணம் | குறைவு, தெரிந்த தொகை | அதிகம், எழுத்தில் வந்தால் | முதல் இரண்டு சுற்றில் அதிகம் | தீர்ப்பு வந்தால்தான் |
| களத்தில் இடம் | ஏற்கனவே தெரியும் | மறுபடி போட்டி | எல்லாம் புதிது | பழைய இடம் போயிருக்கலாம் |
| கோச் | போனால் 15 நாள் கதவு | அழைத்தவர் நிற்பாரா என்பதே கேள்வி | அவர்களும் மாறுவார்கள் | காத்திருப்பாரா? |
| படிப்பு | தடையில்லை | பாடங்கள் கழியலாம் | பாதியில் நிற்கும் | மேல்படிப்பு வாய்ப்பு |
| திரும்பி வர முடியுமா | முடியும் | பெரும்பாலும் முடியாது | கெடு தாண்டினால் முடியாது | தோற்றால் ஏதுமில்லை |

கடைசி வரிசையைத்தான் நான் எல்லாரையும் முதலில் படிக்கச் சொல்வேன்.

## கிக்கர் பையன்

பொங்கல் அன்று மத்தியானம் அவனோடு பேசினேன். “மாமா, அறுபதாயிரம் மாமா” என்று ஆரம்பித்தான். அந்தத் துணைக் கோச்சிடம் மூன்று விஷயத்தை மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன்: தொகை எவ்வளவு, தருவது கல்லூரியா வெளியாளா, நீங்கள் இங்கிருந்து போனால் இந்த ஒப்பந்தம் என்ன ஆகும். அனுப்பிவிட்டு அந்த அணியின் டெப்த் சார்ட்டைத் திறந்தோம். ஏற்கனவே இரண்டு கிக்கர். ஒருவனுக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

இரவு எட்டரைக்குப் பதில் வந்தது. தொகை 35,000 ஆகியிருந்தது. மூன்றாவது கேள்விக்கு, “அதைப் பற்றிக் கவலைப்படாதே” என்று ஒரு வரி. பையன் அதை எனக்கு அப்படியே அனுப்பிவிட்டு ஒரு நிமிடம் கழித்து, “இங்கேயே இருக்கேன் மாமா. 25 கேட்டுப் பார்க்கட்டுமா?” என்று எழுதினான். கேள், எழுதி வாங்கு என்றேன். அப்புறம் அவன் அப்பாவைக் கூப்பிட்டு, போன வருடப் பதினைந்தாயிரத்துக்கு நான்காம் தவணை கட்டியாயிற்றா என்று கேட்டேன். மணி பதினொன்று ஆகியிருந்தது. “ஐயோ அண்ணா” என்றார்.